கொக்கிளாய் இறாலும் எக்செல் சராசரியும்

கருவாட்டு வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர் அண்மையில் என் கடைக்கு வந்திருந்தார். தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்: "நானா, உங்கட எக்செல்லோட 'ஆர்' என்று ஒரு சாமானைப் பூட்டி வச்சிருக்கிறீங்களாம். அது இறால் விலை சொல்லுமா?"

விலை சொல்லாது. ஆனால், நான் கொடுத்த ஒரு வாக்கு ஏன் பிழைத்துப் போனது என்பதை அது எனக்குச் சொன்னது. இவ்வாரம் அந்தக் கதையோடு பாடத்தைத் தொடங்குவோம்.

கொக்கிளாய்க் களப்பில் இறால் வாங்கி கொழும்புக்கு அனுப்புவது என் தொழிலில் ஒரு பகுதி. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென் கோடியில், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் களப்புமாக இருக்கும் ஊர் கொக்கிளாய். அப்பால் புல்மோட்டை, திருகோணமலை மாவட்டம். களப்புத் தொழிலை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: இறால் எல்லா நாளும் ஒரே அளவில் படாது. மாரி மழையில் ஆற்றுத் தண்ணீர் இறங்கும்போது ஓரிரவில் பெட்டி பெட்டியாக வரும். மற்ற நாட்களில் ஒரு வாளியை நிரப்பவே வாடி வாடியாக ஏறி இறங்க வேண்டும்.

2017 இல் கொழும்பில் ஒரு கொள்வனவாளர், "கிழமைக்கு எத்தனை கிலோ நிச்சயமாகத் தருவீர்கள்?" என்று கேட்டார். 'நிச்சயமாக' என்ற சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார். எனக்கு ஒரு தடவையும் கேட்கவில்லை போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து எக்செல்லைத் திறந்தேன். பெரிய கணக்கைச் சுருக்கி, அதே போக்கில் பதினான்கு நாளை மட்டும் இங்கே தருகிறேன். நான் வாங்கிய கிலோக்கள்: 12, 9, 15, 11, 8, 14, 10, 130, 95, 16. எண்ணிப் பார்த்தால் பத்துத்தான் இருக்கும். மற்ற நான்கு நாட்களின் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. 'அவரேஜ்' சூத்திரத்தைப் போட்டேன். 32 என்றது. ஏழால் பெருக்கினால் கிழமைக்கு 224 கிலோ. கொஞ்சம் கவனமாக இருப்போம் என்று 200 என எழுதிக் கொடுத்து, முற்பணமும் வாங்கிக்கொண்டேன்.

முதல் கிழமை 70 கிலோவும் தேறவில்லை. இரண்டாம் கிழமை பக்கத்து வியாபாரிகளிடம் கூடிய விலைக்கு வாங்கி நிரப்பினேன். மூன்றாம் கிழமை ஐஸோடு வந்த லொறி பாதி வெறுமையாகத் திரும்பிப் போனது. லொறிக் கூலியும் ஐஸ் காசும் என் தலையில். முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க மனைவியின் இரண்டு வளையல்களை விற்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

அடுத்த வருடம் என் மூத்த மகள் விடுமுறையில் வந்தாள். கெம்பஸில் புள்ளிவிபரவியல் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. என் ஃபைலை 'ஆர்' மொழிக்குள் வாசிக்கக் கொடுத்து, சராசரி கேட்டாள். எண் வரவில்லை. 'என்.ஏ.' என்று வந்தது. 'கிடைக்கவில்லை' என்பது அதன் பொருள். "வாப்பா, இந்த நாலு நாளும் என்ன நடந்தது என்று தெரியாமல் சராசரி சொல்ல ஏலாது என்கிறது. எக்செல் உங்களிடம் கேட்கவே இல்லை, வெறும் கட்டங்களைத் தாண்டிக்கொண்டு போயிட்டுது" என்றாள்.

கொப்பியைப் புரட்டினோம். இரண்டு நாள் காற்று, எவரும் வலை போடவில்லை. ஒரு நாள் ஐஸ் வரவில்லை, அதனால் நான் வாங்கவில்லை. இன்னொரு நாள் உறவினர் ஒருவரின் ஜனாஸாவுக்குப் போய்விட்டேன். லொறிக்கு எத்தனை கிலோ ஏறும் என்பது கேள்வியானால் நான்கு நாளும் சைபர்தான். களப்பில் எவ்வளவு பட்டது என்பது கேள்வியானால் காற்று நாள் இரண்டும் சைபர், மற்ற இரண்டும் 'தெரியாது'. ஒரே வெறும் கட்டத்துக்கு இரண்டு பொருள். இத்தனை வருடம் கணக்கு எழுதிய எனக்கு இது உறைக்கவில்லை.

நான்கு சைபரையும் சேர்த்தால் சராசரி 23 கிலோவுக்குக் கீழே வருகிறது. அதுகூட ஏமாற்று எண்தான். 130 உம் 95 உம் சேர்ந்து அதைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. பிள்ளைகளின் ஓ.எல். கணக்குப் புத்தகத்தில் 'இடையம்' என்று ஒன்று வரும். எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுப்பது. பதினான்கு நாளுக்கும் அது பத்தரைக் கிலோ. 32 எங்கே, பத்தரை எங்கே! பதினான்கு நாளில் 32 கிலோவைத் தொட்டவை இரண்டே நாள். நான் 'சாதாரண நாள்' என்று நினைத்த நாள் என் கொப்பியில் இருக்கவே இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இவ்வளவுக்கும் 'ஆர்' தேவையில்லை. எக்செல்லில் 'மீடியன்' என்ற சூத்திரம் உண்டு. வெறும் கட்டத்தில் சைபர் போட ஒரு விரல் போதும். மகள் அடுத்துச் செய்த வேலைக்குத்தான் அந்த மொழி உதவியது.

பதினான்கு நாளையும் பதினான்கு சீட்டில் எழுதி ஒரு பானைக்குள் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்து, திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். ஏழு தடவை எடுத்துக் கூட்டினால் அது ஒரு கிழமை. இப்படிப் பத்தாயிரம் கிழமைகளைக் கணினியிடம் எடுக்கச் சொன்னாள். அமெரிக்கப் புள்ளிவிபர அறிஞர் பிராட்லி எஃப்ரன் 1979 இல் வெளியிட்ட 'பூட்ஸ்ட்ராப்' என்ற முறையின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. விடை கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. நான் எழுதிக் கொடுத்த 200 கிலோ, நூறு கிழமைகளில் முப்பதில்கூட நிறைவேறாது. பத்துக் கிழமையில் ஒன்பதில் காப்பாற்றக்கூடிய வாக்கு எது என்று கேட்டால், 50 கிலோவுக்கும் சற்றுக் கீழே!

எக்செல்லிலும் இதைச் செய்யலாம். 'ரேண்ட்' சூத்திரத்தைப் பத்தாயிரம் நிரைகளுக்கு இழுத்துவிட வேண்டும். ஆனால் எங்கேயாவது ஒரு கட்டத்தைத் தொட்டாலும் எல்லா எண்களும் மாறிவிடும். பழைய கணினி மூச்சு வாங்கும். ஆரில் அது இரண்டு வரி.

இனி அந்த மொழியைப் பற்றியும், அதை எக்செல்லோடு பூட்டுவது பற்றியும் சொல்கிறேன். நியூசிலாந்தின் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாகா, ரொபர்ட் ஜென்டில்மன் என்ற இரு ஆசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது 'ஆர்'. இருவர் பெயரும் ஆங்கிலத்தில் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த 'எஸ்' என்ற மூத்த மொழியைப் பின்பற்றியது. 2000 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 இல் முதலாவது முழுப் பதிப்பு வந்தது. இலவசம். திருட்டுப் பிரதி தேட வேண்டியதில்லை, ஹலால் ஹராம் யோசனையும் இல்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். சிக்னல் வந்து போகும் எங்கள் பக்கத்துக்கு அது பெரிய காரியம்.

ஆனால் அதைத் திறந்தால் எக்செல்லைப் போலக் கட்டங்கள் வராது. வெறும் வரியும் மினுங்கும் கோடும்தான். வியாபாரிக்குப் பயம் வரும். எங்களுக்கு வசதியான மேசை எக்செல். நிரல், நிரை, நிறம், எல்லாம் கை பழகியது. ஸகாத் கணக்கும் கடன் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. முன் கடையில் எக்செல் இருக்கட்டும், பின் அறையில் ஆர் இருந்து கணக்குப் பார்க்கட்டும், இடையில் ஒருவர் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து விடையை வாங்கி வரட்டும் என்று யோசித்தவர்கள் இருக்கிறார்கள். அந்த இடையாள்தான் 'அட்-இன்'. ஒரு மென்பொருளுக்குள் பொருத்திவிடும் சிறு துணை மென்பொருள்.

இதில் பெயர் பெற்றது 'ஆர்-எக்செல்'. ஒஸ்திரியாவின் வியன்னா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் நொய்வீர்த், தோமஸ் பையர் என்பவருடன் சேர்ந்து இந்த வழியைத் திறந்தார். விண்டோஸுக்குள் ஒரு மென்பொருள் இன்னொன்றை அழைத்து வேலை வாங்க 'கொம்' என்றொரு ஒழுங்கு இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்தினார்கள். கட்டங்களைத் தெரிவுசெய்து, வலது பொத்தானை அழுத்தி எண்களை ஆருக்கு அனுப்பலாம்; விடையை அதே தாளுக்குத் திரும்ப எடுக்கலாம். ஆரின் கணக்கை ஒரு கட்டத்துக்குள் சூத்திரமாகவே எழுதிவிட்டால், எண் மாறும்போது விடையும் தானாக மாறும். ரிச்சர்ட் ஹைபெர்கரும் நொய்வீர்த்தும் இதற்கென்றே எழுதிய ஒரு புத்தகத்தை ஸ்பிரிங்கர் நிறுவனம் 2009 இல் வெளியிட்டது.

என் மகள் பூட்டித் தந்தது அதற்குப் பின் வந்த 'பெர்ட்' என்ற இன்னொரு அட்-இன். அதன் முறை எனக்குப் பிடித்திருந்தது. ஆரில் ஒரு கணக்கை எழுதிப் பெயர் வைத்துவிட்டால், அந்தப் பெயர் 'ஆர்' என்ற முன்னொட்டோடு எக்செல்லின் சூத்திரமாகவே வந்து நிற்கும். மகள் 'வாக்கு' என்று ஒரு சூத்திரம் செய்து தந்தாள். கிலோ நிரலைக் காட்டி, பத்தில் எத்தனை கிழமை காப்பாற்ற வேண்டும் என்று சொன்னால், கிலோ வந்து விழும். 'கூட்டு', 'பெருக்கு' போல 'வாக்கு' என்று ஒரு சூத்திரம் வைத்திருந்த வியாபாரி இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று வருடம் நன்றாக ஓடியது. பிறகு மடிக்கணினி பழுதாகி, புதியதில் புதிய எக்செல்லும் புதிய ஆரும் வந்தபோது 'வாக்கு' வேலை செய்யவில்லை. காரணம் தேடினால், பெர்ட்டைச் செய்தவர்கள் அதை மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆர்-எக்செல்லின் நிலையும் அப்படித்தான். இன்றைய கணினியில் அதை நம்பி இறங்க முடியாது. களப்பின் வாயைத் தோணியில் கடந்தவர்களுக்கு இது விளங்கும். இந்தக் கரையும் இருக்கிறது, அந்தக் கரையும் இருக்கிறது. தோணிக்காரர் தொழிலை விட்டுவிட்டார். எக்செல் ஒரு பெரிய கொம்பனியின் சொத்து. ஆர் உலகெங்கும் உள்ள பலர் சேர்ந்து காப்பது. இரண்டுக்கும் நடுவிலிருந்த அட்-இன்னைத் தாங்கியவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். இரண்டில் எது மாறினாலும் அவர்கள் உடனே திருத்த வேண்டும். அது எத்தனை காலம் நடக்கும்?

என் அதிர்ஷ்டம், மகள் கணக்கை அட்-இன்னுக்குள் புதைக்கவில்லை. 'வாக்கு' என்பதன் வரிகள் தனியாக ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தன. இப்போது நாங்கள் செய்வது இதுதான்: எக்செல்லில் வழமை போல எழுதிச் சேமிக்கிறேன். ஆருக்கு 'ரீட்எக்ஸ்எல்' என்ற பொதி இருக்கிறது. எக்செல் இல்லாத கணினியிலும் அந்த ஃபைலை வாசிக்கும். கணக்கு முடிந்ததும் 'ஓபன்எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்ற இன்னொரு பொதி விடையைப் புதிய எக்செல் தாளாக எழுதித் தருகிறது. கட்டத்துக்குள் உடனே மாறும் அழகு போய்விட்டது. ஒரு பொத்தானை அழுத்திச் சிறிது பொறுக்க வேண்டும். பரவாயில்லை. நாளை இந்தப் பொதிகளும் நின்றுபோனால், எக்செல்லிலிருந்து காற்புள்ளி இட்ட சாதாரண கோப்பாக எடுத்துக் கொடுக்கலாம். அதை வாசிக்க ஆருக்கு எந்தப் பொதியும் தேவையில்லை.

கணக்கு வெளியே வரிகளாக இருப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எக்செல்லில் எண்தான் கண்ணுக்குத் தெரியும், சூத்திரம் அதன் பின்னால் ஒளிந்திருக்கும். கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகொஃப் என்ற இரு பெயர்பெற்ற பொருளியலாளர்கள் 2010 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடன் 90 வீதத்தைத் தாண்டிய நாடுகளின் வளர்ச்சி சராசரியாக சைபருக்கும் கீழே, அதாவது மறை 0.1 வீதம் என்றார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். 2013 இல் தோமஸ் ஹெர்ன்டன் என்ற பட்டப்பின்படிப்பு மாணவர் அவர்களுடைய எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 49 ஆவது நிரை வரை போக வேண்டிய சூத்திரம் 44 இல் நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கில் இல்லை. இன்னும் வேறு குறைகளும் இருந்தன. எல்லாவற்றையும் திருத்தியபோது மறை 0.1 என்பது 2.2 வீதமானது. சூத்திரப் பிழை அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதிதான். ஆனால் மூன்று வருடம் அது எவர் கண்ணிலும் படவில்லை. நானும் மாதக் கடைசியில் புதிய நிரைகளைச் சேர்த்துவிட்டு, கூட்டுச் சூத்திரத்தை நீட்ட மறந்திருக்கிறேன். நீங்கள் மறந்ததில்லையா?

இங்கிலாந்தில் 2020 இல் நடந்தது இன்னும் கவலையானது. பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லை. கொவிட் தொற்றாளர் பட்டியல் அதற்குள் அடங்காமல் 15,841 பேரின் விபரம் சில நாட்கள் கணக்கிலிருந்து விடுபட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் பிந்தியது.

ஆரை நம்பி நானும் ஓர் இடத்தில் சறுக்கப் பார்த்தேன். பானைச் சீட்டு முறையில் ஒவ்வொரு நாளும் தனித்தனி, நேற்றைக்கும் இன்றைக்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். களப்பு அப்படியல்ல. 130 உம் 95 உம் அடுத்தடுத்த நாள் வந்தவை. நல்ல நாட்கள் சேர்ந்து வரும், வறண்ட நாட்களும் சேர்ந்து வரும். ஆகவே மாரிக்கு ஒரு பானை, மற்றக் காலத்துக்கு ஒரு பானை என்று பிரித்தோம். ஒற்றை நாட்களை எடுப்பதை விட்டு, தொடர்ந்து வந்த ஏழு நாளை அப்படியே ஒரு சீட்டாகவும் எடுத்துப் பார்த்தோம். வறண்ட காலத்துக்கு வந்த எண் முன்னையதைவிடச் சிறியது. அதைத்தான் நம்பினேன்.

செலவுக் கணக்கிலும் அப்படி ஒரு குழி இருந்தது. 2022 ஒகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது உங்களுக்கு மறந்திருக்காது. அதற்கு முந்திய செலவையும் பிந்திய செலவையும் ஒரே பானைக்குள் போட்டால் வரும் சராசரி எந்தக் காலத்துக்கும் பொருந்தாது. ஆர் இதைக் கண்டு தடுக்காது. வெறும் கட்டத்தைக் கண்டால் நிற்கும். அர்த்தமில்லாத எண்ணைக் கண்டால் நிற்காது. அது எங்கள் வேலை.

இன்னொரு செய்தி. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2015 இல் ஆர் மொழியில் தொழில் செய்த ரெவலூஷன் அனலிட்டிக்ஸ் என்ற கொம்பனியை வாங்கியது. இனி எக்செல்லுக்குள்ளேயே ஆர் வரும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2023 ஒகஸ்டில் அறிவித்ததோ 'பைதன்' என்ற வேறு மொழியை. அது நன்றாகத்தான் இருக்கிறது. அட்-இன் தேவையில்லை, கட்டத்துக்குள்ளேயே எழுதலாம். ஆனால் கணக்கு உங்கள் கணினியில் நடப்பதில்லை, இணையத்தின் வழியாக அவர்களுடைய கணினிக்குப் போய்த் திரும்புகிறது. சந்தாவும் கட்ட வேண்டும். கொழும்பில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். வாடியிலிருந்து கணக்குப் பார்க்கும் எனக்கு ஆர் போதும்.

ஆரம்பிக்க விரும்புகிறவர்கள் மென்பொருளிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். ஃபைலை முதலில் ஒழுங்கு செய்யுங்கள். ஒரு நிரலில் திகதி, ஒன்றில் கிலோ, ஒன்றில் விலை, ஒன்றில் காரணம். கிலோ நிரலில் '12 கிலோ' என்று எழுத வேண்டாம், 12 மட்டும். 'காற்று' என்பது காரண நிரலுக்குப் போக வேண்டும். இரண்டு கட்டங்களை ஒன்றாக்குவது, நடுவில் அழகுக்கு வெறும் நிரை விடுவது, நிறத்தால் கடனைக் காட்டுவது எல்லாம் எங்கள் கண்ணுக்குத்தான், ஆருக்கு விளங்காது. திகதியில் மாதத்தையும் நாளையும் மாற்றிப் போடாதீர்கள். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று என் ஃபைலிலேயே ஒரு வருடம் குழம்பிக் கிடந்தது. மொழி படித்த பிள்ளை ஒன்று எல்லா ஊரிலும் இப்போது இருக்கிறது. ஒழுங்கான ஃபைலைக் கொடுத்தால் ஒரு பின்னேரத்தில் வேலையை முடித்துத் தரும். ஒழுங்கில்லாததைக் கொடுத்தால் ஒரு மாதம் உங்களுடன் சண்டை பிடிக்கும், என் மகளைப் போல.

இப்போது நான் வறண்ட காலத்துக்குக் கிழமைக்கு 40 கிலோதான் எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு மேல் பட்டால் அன்றைய விலைக்கு அவர்களுக்கே முதலில் சொல்வேன் என்று இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன். சிறிய எண்ணைக் கண்டு இரண்டு கொள்வனவாளர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். மூன்றாமவர் கையெழுத்து வைத்தார்.

கருவாட்டுச் சகோதரரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, பதினான்கு நாள் எழுதிக்கொண்டு வாருங்கள், ஒன்றும் வாங்காத நாளையும் காரணத்தோடு எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "ஜும்ஆவுக்குப் போய்ப் பிந்தி வந்த நாளுக்கு என்ன போடுறது, நானா?"